பக்கத்துக் கடைக்காரருக்குக் குறைந்த கொழுப்பு

டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வரியில் ஆரம்பித்து நிதானமாகக் கீழே இறங்கி வந்தவர், கொழுப்பு வரியில் வந்து நின்றேவிட்டார். பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அதன் மேலேயே இன்னொரு வட்டம் போட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதற்கு ஒரு வட்டம், எதற்கு இரண்டு வட்டம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மூன்று மாதம் தருகிறேன்" என்றார் டாக்டர். எண்ணெயைக் குறைக்க வேண்டும், பொரித்ததை நிறுத்த வேண்டும், உப்பில் கை இறுக்கமாக இருக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார். இறங்கியிருந்தால் நல்லது. இல்லையென்றால் மாத்திரை, அதற்கு மேல் இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்று படம் எடுத்தும் பார்க்க வேண்டியிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அன்றைக்கும் சிவந்தது. புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் நட்டு போல்ட்டுக் கடை வைத்திருப்பவன் நான். என் வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து திறந்த கடை. காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு எட்டரைக்குத்தான் இறக்குவேன். பட்டறைக்காரர்கள் வருவார்கள், நிற்பார்கள், பேசுவார்கள். நாலு மணிக்கு அவர்களுக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தால், நானும் ஒன்று தின்னாமல் எப்படி இருப்பது? மரியாதையாக இருக்காது. சில நாள் இரண்டு தின்பேன். அது தொழில் நிமித்தம். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி, "பத்தியம் பார்த்துச் சாப்பிட எனக்கு நேரம் ஏது?" என்று முடித்தேன். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட பஸ் பிடிக்கிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க வாப்பா அம்பத்தொண்ணுல மவுத்தானாங்க. ஒங்களுக்கு இப்போ அம்பது."

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன். அந்தப் பேச்சை அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஆனால் என் மாமனார் தன் கடை ஷட்டரில் கை வைத்தபடியே சரிந்தார் என்பதும், செய்தி வந்தபோது இவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அன்று ராத்திரி நானே ஷட்டரை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையைத் தன் வகுப்பறை ஆக்கிவிட்டாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலையில் இருப்பதால் மாட்டிக்கொள்ள நான் ஒருவன்தான் இருந்தேன். கொள்ளு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, இங்கே மட்கி என்கிற நரிப்பயறு என்று நாலு பாத்திரத்தில் ஊற வைத்தாள். முளை கட்டியதும் டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் ஏறின. கீரையை ஆய்ந்து கழுவி ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றி வைத்தாள். ஒரு மாத எண்ணெயை ஒரே பாட்டிலில் ஊற்றி, மார்க்கரால் நாலு கோடு போட்டாள். வாரத்துக்கு ஒரு கோடு, அதற்குக் கீழே போகக் கூடாது. உப்பு ஜாடி கை எட்டாத மேல் தட்டுக்குப் போயிற்று. அதன் இடத்தில் எலுமிச்சையும் மிளகும் வந்து உட்கார்ந்தன. அப்பளம் இனிமேல் சுட்டதுதான்.

காலையில் ஐந்தேகாலுக்கு எழுந்து குக்கரை அடுக்குவாள். அடியில் சோறும் பருப்பும், நடுவில் காய், மேலே பயறு. விசில் வருவதற்குள் பத்து நோட்டுத் திருத்திவிடுவாள். ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்து மூன்றுக்கும் பகிர்ந்தால் வேலை முடிந்தது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். நேரமில்லை என்று டாக்டரிடம் வாயாடிய நான், அந்த இருபத்தைந்து நிமிடமும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று நான் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்ததால், நாக்கும் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமைதான் வினை ஆரம்பித்தது.

என் கடைக்குப் பக்கத்தில் பேரிங் கடை. அதன் சொந்தக்காரர் கொங்கணக் கடற்கரைப் பக்கத்து மராட்டியர். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை 'பாவு', அதாவது அண்ணன், என்பேன், அவர் என்னை 'பாய்' என்பார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பழைய பெஞ்சு உண்டு. பதினெட்டு வருடமாக மத்தியானச் சாப்பாடு அந்தப் பெஞ்சில்தான். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி மராட்டி; அதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அன்று அவர் டப்பாவைத் திறந்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். உள்ளே ஜவ்வரிசிக் கிச்சடி. ஒவ்வொரு ஜவ்வரிசியும் நெய்யில் குளித்துவிட்டு வந்தது போலப் பளபளத்தது. வறுத்த நிலக்கடலைப் பொடி, உருளைக்கிழங்கு, ஓரத்தில் தேங்காய். அடுத்த அடுக்கில் பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகள்.

"என்ன பாவு, விருந்தா?"

"விருந்தா? உபவாஸ், பாய், உபவாஸ்! எனக்கும் அந்த டாக்டர் கொழுப்பு இருக்குன்னு சொல்லிட்டார் இல்லையா. டாக்டரை நம்ப மாட்டேன், சாமியைத்தான் நம்புவேன்னு வீட்டுல வேண்டிக்கிட்டா. திங்கள், சனி, சதுர்த்தி, ஏகாதசி, எல்லாத்துக்கும் வீடே விரதம்; அரிசி, பயறு, பூண்டு எதுவும் கூடாது. வேண்டுதல் அவளோடது, ஜவ்வரிசி என்னோடது. தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது."

அவர் கண் என் டப்பாவில் இருந்தது. அதில் கொள்ளுச் சுண்டல்.

"இது குலீத் இல்லையா? எங்க ஊர் குலீத்!" என்றார். கண் கலங்காத குறைதான்.

இந்த இடத்தில் என் புத்தி எப்படி வேலை செய்தது என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புனேயில் வாழும் தமிழனுக்கு மட்டுமே இந்தக் கோளாறு வரும். எனக்கு நோன்பு என்றால் நோன்பு. விடியலிலிருந்து பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. எங்கள் ஊரில் விரதம் இருக்கும் இந்து நண்பர்களும் பட்டினி கிடப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு வேளை பழமும் பாலுமாக முடித்துக்கொள்வார்கள். ஆகவே விரதச் சாப்பாடு என்றாலே உடம்புக்கு லேசானது என்று என் மண்டையில் பதிந்திருந்தது. கடவுளுக்காகச் சாப்பிடுவது இதயத்தைக் கெடுக்குமா? நோன்பு திறக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுப் பாயில் கஞ்சியோடு வடையும் சமோசாவும் மலையாகக் குவிந்திருப்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராதபடி பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

டப்பாக்கள் கை மாறின.

முதலில் திங்களும் சனியும் மட்டும்தான். பிறகு சதுர்த்தி வந்தது, ஏகாதசி வந்தது. மழை பிடித்துக்கொண்டதும் அவர்களுடைய சிராவண மாதம் வந்தது. அந்த மாதத்தில் அவர் வீட்டில் விரதமில்லாத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எப்போதாவது அப்படி ஒரு நாள் வந்தாலும் பாவுக்கு என் டப்பாதான் வேண்டும். நானோ தெருமுனைச் சிற்றுண்டிக் கடையில் 'உபவாஸ்' என்று பலகை மாட்டிய பக்கம் போய் ஜவ்வரிசி வடை வாங்கிக்கொள்வேன். அதற்குத் தயிர்ச் சட்னி. நாலு மணிக்கு வடாபாவ் தின்பதைச் சுத்தமாக நிறுத்திவிட்டேன். அந்த நேரத்துக்கும் ஜவ்வரிசி வடைதான். என் கட்டுப்பாட்டைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. கடைக்காரர் என்னை யாரோ பெரிய பக்திமான் என்று நினைத்து ஒரு வடை கூடுதலாக வைத்தார்.

வீட்டில் சாயங்காலம் டப்பா சோதனை நடக்கும். மூன்று அடுக்கையும் கழற்றி, விளக்கடியில் பிடித்துப் பார்ப்பாள். காலியாக இருந்தால் காலண்டரில் ஒரு டிக். வகுப்பில் நல்ல பையனுக்குப் போடுகிற அதே டிக். அதைப் போடும்போது அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்து போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் என்னவோ சுருக்கென்று குத்தும். குத்தியதை நான் வாயு என்று எடுத்துக்கொண்டேன்.

டிக்கோடு விட்டால் பரவாயில்லை. கேள்வியும் கேட்பாள்.

"இன்னைக்கு கொள்ளு எப்படி இருந்துச்சு?"

சாப்பிடாத கொள்ளைப் பற்றி நான் என்ன சொல்வது? அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். சாப்பாடு முடிந்ததும் பாவு எனக்கு விவரம் சொல்லிவிடுவார். "குலீத் பிரமாதம், பூண்டு இன்னும் ரெண்டு பல் தாங்கும். கீரை கொஞ்சம் குழைஞ்சுபோச்சு. சாம்பார்ல புளி பத்தல." நான் அதை மனப்பாடம் பண்ணி வந்து வீட்டில் ஒப்பிப்பேன்.

அவளுக்கு ஒரே ஆச்சரியம். "கல்யாணம் ஆகி இருவத்தாறு வருசம், ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்பந்தான் வாயத் தெறந்து கேக்குதீங்க" என்று மகிழ்ந்தாள். மறுநாள் பூண்டு இரண்டு பல் கூடும். புளி ஏறும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அவள் சமையல் முழுக்க முழுக்க ஒரு கொங்கணக்காரரின் நாக்குக்கு ஏற்றபடி மாறிப்போனது. ராத்திரி வீட்டில் அதைச் சாப்பிடும்போது, எனக்குக் காரம் கூடுதலாகத் தெரியும். சொல்ல முடியுமா? நான் கேட்டுத்தானே போட்டாள்.

பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது. பேண்ட் சுருங்கிவிட்டது என்று இஸ்திரிக்காரரிடம் சண்டை போட்டேன். எங்கள் சொசைட்டியில் லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாள் மூன்றாவது மாடிக்கு ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, டப்பா காலியா வருது. எறங்கிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். நான் ஷூவைக் கழற்றுகிற சாக்கில் வாசலிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. பாவும் நானும் ஒரே நாள் காலையில் போய் ரத்தம் கொடுத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் தாள் வந்தது. நான் கடையின் பின்பக்கம் போய்ப் பிரித்துப் பார்த்தேன். இறங்கவில்லை. இருந்த இடத்தில் இருந்திருந்தாலும் எப்படியாவது பேசிச் சமாளித்திருப்பேன், ஏறியிருந்தது. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமதான் வருமாம்" என்று வீட்டில் பொய் சொன்னேன். காது சிவந்ததா என்று தெரியவில்லை. குப்பென்று வேர்த்தது மட்டும் நிஜம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பாவு. பக்கத்தில் பட்டுப்புடவையில் அவர் மனைவி, கையில் பேடா டப்பா.

"பாய், இறங்கிடுச்சு!" என்றார் பாவு. "டாக்டர் கை குடுத்தார்!"

அவர் மனைவி என் மனைவியின் வாயில் ஒரு பேடாவைத் திணித்து, வேண்டுதலின் மகிமையை மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார். திங்கள் தவறவில்லை, சனி தவறவில்லை, தன் கணவர் கடையில்கூட ஒரு பருக்கை தானியம் வாயில் வைக்கவில்லை, சாமி கண் திறந்துவிட்டது. பாவு பேடாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

என் மனைவி மனதார மகிழ்ந்தாள். டீ போட்டாள். கூடவே, திங்கட்கிழமைக்கென்று வேகவைத்திருந்த கொள்ளைத் தாளித்து நாலு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். பாவு ஒரு வாய் எடுத்தார். மென்றார். யோசித்தார். மூன்று மாதப் பழக்கம் எங்கே போகும்? என் பக்கம் திரும்பி, ஒப்பிக்க வேண்டியதைச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"பாய், இதுல பூண்டு கம்மி. நேத்து சனிக்கிழமை கட்டினதுல சரியா இருந்துச்சு."

"சனிக்கிழமையா?"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒருவர் மராட்டியில், ஒருவர் இந்தியில். பாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவர் மனைவி கிண்ணத்தில் கிடந்த பூண்டைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார். என் மனைவி காலண்டரைப் பார்த்தாள். கணக்கு டீச்சர், விடை வர ரொம்ப நேரம் ஆகவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப நீங்க என்னத்த தின்னீங்க?"

பதிலை பாவின் மனைவியே சொல்லிவிட்டார். மொழி புரியாமலேயே புரிந்துகொண்டு, நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, என் கிச்சடி! நெய் ரெண்டு கரண்டி சேர்த்துப் போடுவேனே! விரதத்துல தெம்பு வேணும்னு போடுவேனே!" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட, என்னை நினைத்த பயம்தான் அதிகம் இருந்தது.

என் மனைவி கையை நீட்டினாள். தாள் பையில்தான் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுத்தேன். படித்தாள். மடித்தாள். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல் டீயை எடுத்து அவர்கள் கப்பில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் டீ வேணுமா என்று கேட்கிற குரலில், எனக்கு மட்டும் புரிகிற தமிழில் சொன்னாள்:

"அவங்களுக்கு எறங்குனதுல எனக்கு சந்தோசந்தான். ஆனா காலைல அஞ்சேகாலுக்கு எந்திரிச்சு நான் அவங்களுக்காவ பயப்படல."

டீ சாஸரில் கொட்டியது. மன்னிச்சிரு என்பதற்குப் பதில் துணியை எடுத்துச் சாஸரைத் துடைக்கக் குனிந்தேன். வெட்கக்கேடு, அந்த நேரத்தில் என்னை முதுகில் தட்டித் தேற்றியது பாவுதான்.

அவர்கள் போன பிறகு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போய், "நாக்கை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் பாய், பூண்டு நிஜமாவே கம்மி" என்றார். திட்டு வாங்க வேண்டிய ஆள் நான்தான் என்று அப்போது உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் சர்க்கரை இல்லாத டீ குடித்தோம்.

டாக்டர் மாத்திரை எழுதினார். படமும் எடுத்தார், நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த நாளிலிருந்து நானும் ஐந்தேகாலுக்கு எழுந்தேன். முதல் ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை; வெங்காயத்தையும் கத்தியையும் மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவாள். இரண்டாவது வாரம் குக்கரை எப்படி அடுக்குவது என்று சொல்லித் தந்தாள். பழைய காலண்டரைக் கழற்றவில்லை. அதில் போட்ட டிக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகக் குறுக்கே அடித்துவிட்டு, புதிதாக ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

பாவின் மனைவி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பயறு ஊற வைப்பது இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான். விரதத்தை அவர் விடவில்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை. சாமிக்கு நெய் வேண்டாம், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பழமும் போதும் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். விரத நாளில் பாவு அதைத்தான் சாப்பிடுகிறார். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்ததும், திறந்த டப்பாக்களைப் போட்டோ எடுத்து இரண்டு வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். காலியான பிறகு இன்னொரு போட்டோ. கொள்ளைப் பற்றி நான் சொல்வது எல்லாம் இப்போது என் சொந்தக் கருத்து. அதில் பூண்டு அதிகம் என்று சொன்னேன், குறைத்துவிட்டாள்.

அடுத்த சோதனையில் இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

போன மாதம் எனக்கு ஐம்பத்தொன்று தாண்டி ஐம்பத்திரண்டு பிறந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் ஐந்தேகாலுக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. அலாரம் அடிக்கவில்லை, முந்தின ராத்திரியே அவள் அதை அணைத்து வைத்திருந்தாள். இத்தனை வருடத்தில், உடம்பு சரியில்லாத நாள் தவிர, அவள் எனக்குப் பின்னால் எழுந்து நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பவில்லை. குக்கரை அடுக்கி, தாளித்து, இரண்டு டப்பாவும் கட்டினேன். ஆறே முக்காலுக்குத்தான் கண்ணை விழித்தாள். ஏழு மணி பஸ் போயே போய்விட்டது.

ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டேன். அதே சிக்னலில் சிவப்பு விழுந்தது. பின்னாலிருந்து ஏதாவது குரல் வருமா என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் தலையை என் முதுகில் சாய்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்காததால், பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஆரன் அடித்து மராட்டியில் என்னைத் திட்டினார். எனக்குக் கோபமே வரவில்லை.